மகன் பாக்கிறான்

1

போன மாதம் ஒரு மண்டபமே எனக்குக் கைதட்டியது. பல்கலைக்கழகத்தில் எங்கள் ஆய்வின் முடிவுகளை வாசித்த நாள். எங்கள் பேராசிரியர் மடலென் மேடையில் நின்று, "வசந்தி இல்லாவிட்டால் தமிழ் முதியவர்களின் குரல் எங்களுக்குக் கேட்டிருக்காது" என்று பிரெஞ்சில் சொல்லி என்னை எழும்பச் சொன்னார். எழும்பினேன், பல்லைக் காட்டினேன். மேடைக்குப் பின்னாலிருந்த திரையில் பெரிய எழுத்தில் எங்கள் முடிவு இருந்தது. தமிழ்ச் சமூகத்தில் குடும்ப ஆதரவு மிக வலுவானது, நாங்கள் நேர்கண்ட முதியவர்கள் எல்லோரையும் பிள்ளைகளே பராமரிக்கிறார்கள் என்று. என் மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்த முடிவு. அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்லுவான்.

ஊரிலிருக்கும் உங்களுக்கு என் வேலையை விளங்கப்படுத்துவது பெரும் பாடு. ஓய்வூதியமும் அரச உதவிகளும் எப்படி மாறவேண்டும் என்று ஆராய்கிற ஒரு குழுவில் நான் உதவி ஆய்வாளர். ஆனால் கொக்குவிலில் இருக்கிற என் சித்தி, "வசந்திக்குக் கனடாவிலை பென்சன் கந்தோரிலை வேலை" என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறா. அதனால் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் எனக்குக் குரற்செய்தி அனுப்புகிறார். "பிள்ளை, என்ரை பென்சன் அரியர்ஸ் ஒண்டு இழுபட்டுக்கொண்டு கிடக்குது. உங்கை ஆரும் பெரியவையிட்டைச் சொல்லி ஒருக்கா முடிச்சுத் தாரும்." நான் என்ன செய்ய? எனக்கு வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. ஊரான் பென்சனை ஆராய்கிற எனக்குப் பென்சன் கிடையாது. அதைச் சொன்னால் தபாலதிபர் நம்பவா போகிறார்? கள்ளி, மறைக்கிறாள் என்பார்.

பெருமை ஒரு கிழமைகூடத் தாங்கவில்லை. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். இதில் வரும் பத்மநாதன் ஐயாவின் பெயர் உண்மைப் பெயரல்ல, ஊரையும் சொல்லமாட்டேன்.

2

இங்கே பிள்ளைகள் தாய் தகப்பனைக் கூப்பிடுவதென்றால் அரசாங்கத்துக்கு ஒரு வாக்குக் கொடுத்துக் கையெழுத்து வைக்கவேண்டும். பத்து வருடத்துக்கு இவருடைய உணவு, உடை, உறைவிடம் எல்லாம் என் பொறுப்பு என்று. அந்தக் காலத்துக்குள் தகப்பன் வழியில்லாமல் போய் உதவிப்பணம் கேட்டால் அரசாங்கம் கொடுக்கும். கொடுத்துவிட்டு அந்தக் காசை மகனிடம் கேட்கும். முதியோர் பணமும் இந்த நாட்டில் பத்து வருடம் வாழ்ந்த பிறகுதான். இந்தக் காத்திருப்பைக் குறைக்கலாமா, பிள்ளைகளின் கழுத்தைப் பிடிக்காமல் முதியவர்களுக்கு உதவலாமா என்று அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்கிற ஒரு குழு எங்களிடம் கேட்டிருந்தது. பல சமூகங்களிலும் நேர்காணல் செய்தார்கள். தமிழாட்கள் என் பங்கு.

கேள்விகளை மடலென் பிரெஞ்சில் எழுதினார், நான் நல்ல தமிழில் ஆக்கினேன். அந்த நல்ல தமிழில்தான் முதல் சறுக்கல். "உங்களைப் பராமரிப்பவர் யார்?" என்று வாசித்தால் கிழவர்கள் என்னை வானொலிப் பெட்டியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். ஒரு அம்மா, "என்ன பிள்ளை, செய்தியே வாசிக்கிறீர்?" என்று கேட்டே விட்டா. அதன்பிறகு நான் வீட்டுத் தமிழுக்கு இறங்கினேன்.

"உங்களை இப்ப ஆர் பாக்கினம்?"

உடனே எல்லோருக்கும் விளங்கியது. மகன் பாக்கிறான், மகள் பாக்கிறா, பிள்ளையள் பாக்கினம். எல்லோரிடமிருந்தும் ஒரே மறுமொழி. நானும் அலுக்காமல் பிரெஞ்சில் எழுதினேன், பராமரிக்கிறார், பராமரிக்கிறார், பராமரிக்கிறார்கள் என்று.

பத்மநாதன் ஐயாவை ரொக்ஸ்பரோவில் ரெயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் கண்டேன். ஊரில் லொறி ஓட்டியவர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வெங்காயம் ஏற்றி, வரும்போது மா, சீனி ஏற்றி வந்து பிழைத்த மனிதர். மனைவி செத்தபிறகு மகன் கூப்பிட்டான். அவன் சென்ட் லோரன்டில் ஒரு தொழிற்சாலையில் நல்ல வேலையில் இருந்தவன். அதை மூடிவிட்டார்கள். பெண்சாதி பிள்ளைகளோடு ரொறன்ரோப் பக்கம், மாமன் வீட்டுக்குப் போய்விட்டான். "அவன் வீடு எடுத்தவுடனை என்னைக் கூப்பிடுவான். அதுவரைக்கும் அவன்ரை சினேகிதன் வீட்டிலை இருக்கிறன்" என்றார் ஐயா.

அவரிடம் எனக்கு என்ன வந்ததோ, முதலில் புத்தகத் தமிழ்க் கேள்வியையே வாசித்தேன். தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளங்கவில்லையாக்கும் என்று வீட்டுத் தமிழில் கேட்டேன். முகம் தெளிந்து, "மகன் பாக்கிறான்" என்றார்.

3

கைதட்டல் வாங்கிய கிழமைச் சனிக்கிழமை, மகள் ஆரணிக்குச் சிறிதாய்ப் போன குளிர் உடுப்புகளைக் கட்டிக்கொண்டு பியர்பொன்ட்ஸில் ஒரு தேவாலயத்துக்குப் போனேன். அதன் கீழ் மண்டபத்தில் சாப்பாட்டுச் சாமான் இலவசமாகக் கொடுப்பார்கள். வரிசை வாசல்வரை நின்றது. அதில் ஐயா. கையில் மடித்த துணிப்பை. என்னைக் கண்டதும் பையை ஜக்கற்றுக்குள் செருகினார்.

"என்னய்யா இஞ்சை?" என்றேன். என் நாக்கில் சனியன்தான் இருந்திருக்கவேண்டும்.

"ஒருத்தருக்குத் துணைக்கு வந்தனான், பிள்ளை. அவருக்குப் பாஷை தெரியாது."

ஐயாவுக்குத் தெரிந்த பிரெஞ்சு பொன்ஜூரும் மெர்சியும். அவர் யாருக்குப் பாஷைத் துணை போகிறார் என்று ஒரு பச்சைக் குழந்தைகூட யோசித்திருக்கும். நான் படித்த விசரி, நம்பினேன். நம்பியதோடு விட்டேனா? மரியாதைக்குப் பக்கத்தில் நின்று கதை வேறு கொடுத்தேன். முழங்கால் நோவைக் கேட்டேன், ஊரில் மழையாம் என்றேன். வரிசை நகர்ந்து நகர்ந்து மேசைக்கு வந்துவிட்டது. அங்கே நின்ற பெண் "மிசியூ?" என்று பெட்டியை நீட்டினாள். உருளைக்கிழங்கு, பாண், பேணியில் அடைத்த மீன் எல்லாம் அதற்குள் இருந்தன. ஐயா இரண்டு கையையும் ஆட்டி "நோ, நோ, மெர்சி" என்றார்.

"அவர் எங்கையோ போயிட்டார் போலக் கிடக்கு. நான் வாறன் பிள்ளை" என்று எனக்குச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு வெளியே போனார். நான் கொண்டுபோன மூட்டையைக் கொடுத்துவிட்டு நல்ல பிள்ளையாகக் காருக்கு வந்தேன்.

கார் ஓடும்போதுதான் அப்பாவின் நினைவு வந்தது. இடம்பெயர்ந்து சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்த நாட்களில் அப்பா நிவாரண வரிசையில் நின்றார். உப அதிபராக இருந்த மனிதர். முன்னால் அவரிடம் படித்த ஒருவன், பின்னால் மீன் விற்கிறவர். "மாஸ்டர், இண்டைக்குப் பருப்பும் தருவாங்களாம்" என்று அவன் சொல்ல, அப்பா சிரித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். ஊரே நின்ற வரிசை, அதனால் யாருக்கும் வெட்கமில்லை. இங்கே ஒரு தமிழ் முகம் போதும், ஒரு வயதுபோன மனிதனை வரிசையிலிருந்து கலைத்துவிட. ஆனால் அப்போதுகூட, ஐயோ பாவம், மகன் காசு அனுப்பப் பிந்திவிட்டதாக்கும் என்றுதான் நினைத்தேன். திரையில் பெரிய எழுத்தில் இருந்த வசனம் என் மூளையையும் மறைத்திருந்தது.

4

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசை. ஆரணி காதில் கருவியைக் கொழுவிக்கொண்டு சோற்றை அளைந்துகொண்டிருந்தாள். பல்கலைக்கழகம் போகிறாள், மிச்ச நேரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை. சிநேகிதர்களோடு பிரெஞ்சு, தம்பியோடு ஆங்கிலம், எங்களோடு மட்டும் தமிழ். அந்தத் தமிழும் வரவர மெலிந்து போகிறது. ஐயாவின் நினைப்பாகவே இருந்த எனக்கு ஒரு பகிடி கேட்கத் தோன்றியது.

"பிள்ளை, நாளைக்கு என்னைப் பாப்பியோ?"

ஒரு காதுக் கருவியைக் கழற்றி யோசித்தாள். "நாளைக்கா? நாளைக்கு எனக்கு ஷிப்ட், மம்மா. புதன்கிழமை பாக்கலாம்."

என் கணவருக்குச் சிரித்துப் புரைக்கேறிவிட்டது. "உமக்கு நல்லா வேணும். உம்மடை பென்சன் புதன்கிழமைதானாம்" என்றார். ஆரணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, "க்வா? நான் என்ன பிழையாச் சொன்னனான்?" என்றாள். பிழை ஒன்றுமில்லை. அவளுக்கு நாளை என்றால் திங்கட்கிழமை, பார்ப்பதென்றால் கண்ணால் பார்ப்பது. வேறு பொருளை அவளுக்குப் பழக்க எங்களுக்கு எங்கே நேரம் இருந்தது? கராட்டே வகுப்புக்கு நேரம் இருந்தது, நீச்சலுக்கு இருந்தது.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஐயா சொன்ன 'பாக்கிறான்' நினைவுக்கு வந்தது. கையைக் கழுவிவிட்டுப் போய்க் கணினியைத் திறந்து ஐயாவின் நேர்காணலைப் போட்டேன்.

"உங்களை இப்ப ஆர் பாக்கினம்?" என் குரல்.

"மகன் பாக்கிறான்."

"ஒழுங்காப் பாக்கிறாரோ ஐயா?"

"ஓம் ஓம். ஞாயிற்றுக்கிழமை தவறமாட்டான். அங்காலை வெளிச்சம் காணாது, எனக்கு முகம் வடிவாத் தெரியாது. ஆனால் அவன் என்னைப் பாக்கிறான்."

போனில். வீடியோவில். ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் தகப்பனின் முகத்தைப் பார்க்கிறான். நான் அதைப் பிரெஞ்சில் எப்படி எழுதியிருந்தேன் என்று தேடினேன். 'மகன் பராமரிக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் தவறாமல் கவனிக்கிறார்.' வெளிச்சம் காணாது என்றாரே, அது எங்கே என்று பார்த்தேன். 'வீட்டு வசதி' என்ற தலைப்பின் கீழ்ப் போட்டிருந்தேன். 'அறையில் வெளிச்சம் போதாது.' ஐயோ, என்னை எதால் அடிக்க!

5

திங்கட்கிழமை காலமை மடலெனின் அறைக் கதவைத் தட்டினேன். அவர் கெட்டவர் அல்ல, உங்களுக்கு அப்படித் தோன்றக்கூடாது. தமிழ் ஒரு சொல்லும் தெரியாத மனிசி, அந்த ஒலிப்பதிவுத் துண்டை இரண்டு தடவை போடச் சொல்லிக் கேட்டார். நெற்றியைத் தடவினார்.

"இரண்டு பொருளும் வரும் என்கிறாய். அப்படியென்றால் எது சரியென்று நீ முடிவுசெய்ய முடியாது, நானும் முடியாது. அவரே சொல்லவேண்டும்."

"நான் அவரைச் சாப்பாட்டு வரிசையில் கண்டேன்" என்றேன்.

"அது நேர்காணலில் இல்லை, வசந்தி. வீதியில் கண்டதை எழுத எங்களுக்கு அனுமதியில்லை." அதுவும் சரிதான். ஆய்வு ஒழுக்கம் என்று நானே புதுப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன்.

அறிக்கை வெள்ளிக்கிழமை போகவேண்டும். மடலென் நாட்காட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரே ஒருவர் தெளிவாகச் சொன்னால் போதும். 'எல்லோரும்' என்ற சொல்லை எடுத்துவிடுவேன். பிள்ளைகளின் வாக்குறுதி உடைந்த வீடுகள் இருக்கின்றன, அங்கே அரசு காத்திருக்கக்கூடாது என்று எழுதுவேன். அந்த வசனத்தை எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் வாயால் வரவேண்டும்."

ஒரு ஆள். ஒரு வசனம். பஸ்ஸில் வீடு திரும்பும்போது எனக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது. போய்க் கேட்டால் சொல்லுவார்தானே என்று நினைத்தேன். எங்கள் ஆட்களை எனக்குத் தெரியாதா? தெரியாது என்றுதான் இப்போது சொல்லவேண்டும்.

6

ஐயாவின் அறை யன்னல் பனிக்குள் பாதி புதைந்திருந்தது. "இரும் பிள்ளை" என்று ஒரே கதிரையை எனக்குத் தந்துவிட்டுக் கட்டிலில் இருந்தார். பால் இல்லாத தேத்தண்ணி வந்தது. சீனி போட்டிருந்தார், தனக்குப் போடவில்லை. நான் சுற்றி வளைக்கவில்லை.

"ஐயா, மகன் பாக்கிறான் எண்டு சொன்னியள். அது எந்தப் பாக்கிறது?"

அவர் சிரித்தார். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

"கண்டுபிடிச்சிட்டீரோ? கெட்டிக்காரிதான். இஞ்சை பாரும், தாண்டிக்குளத்திலை ஆமிக்காரன் லொறியை மறிச்சு என்ன ஏத்துறாய் எண்டு கேப்பான். வெங்காயம் எண்டுவன். வெங்காயம்தானே! அதுக்குக் கீழை சில நேரம் பாஸ் இல்லாத ஆக்கள் படுத்திருப்பினம். அவன் கீழை என்ன எண்டு கேக்கேல்லை, நான் சொல்லேல்லை. நீர் முதல் ஏதோ பெரிய தமிழிலை கேட்டீர். எனக்குப் பயம் வந்திட்டுது. பேந்து நீரே ஆர் பாக்கினம் எண்டு கேட்டீர். அப்பாடா எண்டு, பாக்கிறான் எண்டன்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அறிக்கை, வெள்ளிக்கிழமை, அவர் ஒரு வசனம் சொன்னால் என்ன மாறும் என்பது. பொறுமையாகக் கேட்டார்.

"நான் அப்பிடிச் சொன்னால், அரசாங்கம் மகனிட்டைக் காசு கேக்குமோ?"

"இல்லை ஐயா. உங்கடை பேர் ஒரு இடத்திலையும் வராது. ஒரு எழுத்தும் ஒரு இலக்கமும்தான்."

"பேர் போடமாட்டம் எண்டு சொல்லித்தான் அங்கையும் வீடு வீடா வந்து எழுதினவங்கள்." குரலில் கோபம் இல்லை. "அவன் கூடாதவன் இல்லைப் பிள்ளை. இப்ப அவனுக்கு ஒழுங்கான வேலை இல்லை. ரெண்டு குஞ்சுகள். மாமன் வீட்டிலை மூலையிலை கிடக்கிறான். ஒருநாள் போனிலை என்னைப் பாத்து அழுதவன். முகம் தெரியேல்லை, சத்தம் கேக்கும்தானே. அவன்ரை தலையிலை நான் இன்னும் ஒண்டை ஏத்துறதே?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அவர்மேலா, மகன்மேலா, மடலென்மேலா, பத்து வருடக் கணக்கு வைத்த புண்ணியவான்மேலா என்று தெரியவில்லை. "அப்ப நீங்கள் இதுக்குள்ளை பட்டினி கிடந்து சாகப்போறியளோ?" என்று கத்தினேன். "உங்களை மாதிரி எத்தினை பேர் இந்த நிலத்துக்குக் கீழை கிடக்கினம்? எல்லாரும் மானம் மானம் எண்டு வாயை மூடினால் சட்டம் எப்பிடி மாறும்? அண்டைக்கு நான் வந்திராட்டி அந்தப் பெட்டியை வாங்கியிருப்பியள்தானே?"

சொல்லியிருக்கக்கூடாது. சொன்ன கையோடு தெரிந்துவிட்டது. ஐயா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நான் துணைக்கு வந்தனான்" என்றார்.

மேலே வீட்டுக்காரப் பிள்ளைகள் ஓடும் சத்தம் கேட்டது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவர் விடவில்லை. "அந்த மெசினைப் போடும்" என்றார். மனம் மாறிவிட்டது என்று நினைத்தேன். ஒலிப்பதிவை அழுத்தினேன்.

ஐயா ஸ்வெற்றரின் மேல் பொத்தானைப் பூட்டினார். நிமிர்ந்து இருந்தார். நான் முதல் நேர்காணலில் கேட்ட அந்தப் பெரிய தமிழிலேயே, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்:

"என்னுடைய மகன் என்னை நன்றாகப் பராமரிக்கிறார். எனக்கு வேண்டிய உணவு, உடை, உறைவிடம் எல்லாம் அவரே தருகிறார். எனக்கு ஒரு குறையும் இல்லை."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "வடிவாச் சொன்னனானோ பிள்ளை? இதிலை ரெண்டு கருத்து வராதுதானே?"

"வராது ஐயா" என்றேன்.

7

மொழிபெயர்க்க ஒரு நிமிடம் பிடித்தது. இந்த முறை எந்தச் சந்தேகமும் இல்லாத வசனம், பிரெஞ்சில் அப்படியே போய் உட்கார்ந்தது. மடலென், "மெர்சி, வசந்தி. நீ உன்னால் முடிந்ததைச் செய்தாய்" என்று எழுதினார். வெள்ளிக்கிழமை அறிக்கை போனது. 'எல்லோரும்' அப்படியே இருக்கிறது. நான் பதிவுசெய்த மற்ற முதியவர்களின் குரல்களை இப்போது ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்கிறேன். மகள் பாக்கிறா, பிள்ளையள் பாக்கினம். எது எந்தப் பாக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. போய்க் கேட்கவும் இனி எனக்குத் துணிவில்லை.

இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது இங்கே தகப்பனோ தாயோ இருக்கலாம். போனில் அவர்கள் நல்லாயிருக்கிறம் என்றுதான் சொல்லுவார்கள். எனக்கு அவர்களுக்கும் உங்களுக்கும் சொல்ல ஒரு வழியும் தெரியவில்லை. அன்றைக்கு ஐயா என்னை வழியனுப்பப் படிவரை வந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஏற முடியாமல் கீழ்ப் படியில் நின்றுகொண்டார். நான் கதவைத் திறக்கும்போது கூப்பிட்டார்.

"பிள்ளை, போனமுறை நான் உமக்குப் பொய் சொல்லேல்லை. இந்தமுறைதான் சொல்ல வைச்சிட்டீர்."